பத்தரைக்கு முன் அட்வான்ஸ்

ஜூலை 28, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸுக்கு விடுமுறை. வாரத்தில் ஒரு நாள் மனுஷனுக்குப் பசிக்காது என்று மெஸ்காரர் எங்கே படித்தாரோ தெரியவில்லை. ஒரு டம்ளர் அரிசி வைத்து, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினேன். முட்டை பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டிச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். கேபிள்காரன் என்று நினைத்துத் திறந்தால் வினோதினி நிற்கிறாள். என் தங்கை செண்பகத்தின் ஒரே மகள். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். உள்ளே வா என்று சொல்லவே எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. உட்கார வைக்க நாற்காலியிலிருந்த துணியை அள்ளிக் கட்டிலில் போட்டேன்.

டீச்சர் வேலையில் மாற்றல் வந்திருக்கிறதாம். சிறுமலை. திண்டுக்கல்லிலிருந்து மேலே போகும் பஸ் பள்ளிக்கூட நேரத்துக்குச் சரிப்படாது, இறங்கி இன்னும் நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். செப்டம்பர் இரண்டாம் தேதி போய்ச் சேர வேண்டும். அதனால் ஒரு பழைய கார் வாங்கப் போகிறாள். நான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

பஸ்ஸிலேயே போ என்றேன். ஜீப்பில் போ என்றேன். மாற்றலை மாற்ற மனு கொடு என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க பாத்து 'வாங்கு'ன்னு சொன்னாத்தான் மாமா வாங்குவேன்" என்றாள். எதற்காக என்னிடம் வருகிறாள் இந்தப் பெண்? எனக்குக் கோபம்தான் வந்தது. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். காப்பி கொடுக்கக்கூட வீட்டில் பால் இல்லை.

ஜூலை 29, திங்கள்

இரண்டாவது ஷிப்ட். பதினாலாம் நம்பர் மிஷினில் பேரிங் மாற்றினேன். தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி மாதம். வண்டி வாங்குகிறவன் எவனும் தெருவில் இறங்க மாட்டான். அதனால் விற்கிறவர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள். இப்போது பார்த்து வைத்து ஆவணியில் வாங்குவது என்று வினோ கணக்குப் போட்டிருக்கிறாள். புத்திசாலிதான், அப்பனைப் போல அவசரக்காரி இல்லை.

முதல் வண்டி பேகம்பூர் பக்கம். பதிமூன்று வருஷத்துப் பழசு. சொந்தக்காரர் வாசலிலேயே துடைத்து நிறுத்தியிருந்தார். நான் நேரே போய்ப் பானெட்டில் கையை வைத்தேன். சுட்டது. விற்கிறவன் வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்தால், ஆறிய இன்ஜினில் வரும் கோளாறு எதுவும் நமக்குத் தெரியாது. "கோயிலுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தோம்" என்றார். சரி, டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று ஒன்றரை மணி நேரம் கழித்துப் போனோம். ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலப் புகை. ஆயில் குடிக்கிற இன்ஜின். நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று மீட்டர் சத்தியம் செய்தது, பிரேக் பெடல் ரப்பரோ தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. மீட்டரைத் திருப்பியவனுக்கு ரப்பரை மாற்றத் தோன்றவில்லை.

வினோ ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கறுப்புப் புகை என்றால் என்ன, வெள்ளைப் புகை விடாமல் வந்தால் என்ன, ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி ஒட்டியிருந்தால் என்ன என்று கேட்டாள். கறுப்பு பெட்ரோல் வீணாவது, வெள்ளை தண்ணீர் உள்ளே போவது, மோர் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு என்று சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இத்தனை பேசியதில் தொண்டை கட்டிவிட்டது.

ஆகஸ்ட் 7, புதன்

ஷிப்டில் ஒரு தப்பு செய்தேன். நட்டைத் திருகிவிட்டுச் சரிபார்க்காமல் நகர்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்துச் சொன்னார். முப்பத்தொரு வருஷ ஃபிட்டருக்கு அது போதும்.

மறைக்க என்ன இருக்கிறது, எழுதிவிடுகிறேன். குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும் நான்தான் பார்ப்பேன். எனக்குப் பெண் பார்க்கப் போனதைவிட அடுத்தவனுக்கு வண்டி பார்க்கப் போனதுதான் அதிகம். கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், ஒரேயடியாகப் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஞாயிறும் செண்பகம் வீட்டில் சாப்பாடு. அவள் புருஷன் தனசேகர் எனக்கு மாப்பிள்ளை முறை மட்டுமில்லை, இருந்த ஒரே சிநேகிதனும் அவர்தான்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு ஒரு வெள்ளைக் கார் பார்த்தோம். ஆறிய இன்ஜினில் ஸ்டார்ட் செய்தேன். புகை பார்த்தேன். கியர், கிளட்ச், ஸ்டீயரிங், டயர் எல்லாம் பார்த்தேன். வண்டியைப் பட்டறைக் குழிக்கு மேல் நிறுத்தி அடியில் மட்டும் பார்க்கவில்லை. பட்டறை அடுத்த தெருவில்தான் இருந்தது. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் அட்வான்ஸ் கைமாற வேண்டும், நேரம் போகிறது என்று யாரோ சொன்னார்கள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். என் கை வண்டிக்கு அடியில் போகவில்லை. "தங்கமான வண்டி மாப்ள, குடுங்க" என்றேன். மணி அப்போது பத்து இருபத்தெட்டு.

எட்டாம் நாள் சிறுமலையிலிருந்து தனியாக இறங்கி வந்தார். அடியில் பிரேக் ஆயில் போகும் பைப் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. ஏழாவது வளைவில் அது உடைந்தது. பாறையில் மோதி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் முன்பே முடிந்துவிட்டது.

காரியம் அன்றைக்குச் செண்பகம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நியாயம்தான். அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வத்தலக்குண்டு ரோட்டில் இரண்டாவது வண்டி. பளபளவென்று புது சீட் கவர். விலை அநியாயத்துக்குக் குறைவு. சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்துப் பார் என்று வினோவிடம் சொன்னேன். கடைசி ஒரு முழத்தில் செம்மண் கோடு. எங்கேயோ வெள்ளத்தில் இடுப்பளவு நின்ற வண்டி. சீட் கவரை மாற்றியவர்களுக்கு பெல்ட் ஞாபகம் வரவில்லை. விற்கிறவர் தனக்கே தெரியாது என்றார், நிஜமாகவே தெரியாதுபோல முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தது.

போகும்போது வினோ ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினாள். மீன் குழம்பு. தானே வைத்ததாகச் சொன்னாள். வெந்தயம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று எழுதி வைக்கிறேன். மிச்சத்தை ராத்திரிக்கும் வைத்துக்கொண்டேன். டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, என்ன போட்டுக் கொடுப்பது என்றும் தெரியவில்லை. கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. நாகல் நகரில் ஒரு கார். ஒரே கையில் ஓடியது, சர்வீஸ் சீட்டு எல்லாம் வரிசையாக ஃபைலில் இருந்தது. ஆறிய இன்ஜின் ஒரே சாவியில் பிடித்தது. கிளட்ச் நன்றாக இருந்தது. மேட்டில் நிறுத்தி எடுத்தேன், கியர் துள்ளவில்லை. குழிக்குக் கொண்டுபோய் அடியிலும் பார்த்தேன். பிரேக் பைப்பை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேன். பட்டறைக்காரர் சிரித்தார்.

முன் டயர் இரண்டும் உள்பக்கம் தேய்ந்திருந்தன. வேண்டாம் என்றேன்.

வினோ நோட்டைப் புரட்டினாள். "டயர் ஒரு பக்கம் தேஞ்சா அலைன்மென்ட் பண்ணிக்கலாம், பயப்பட வேணாம்னு போன வாரம் நீங்கதான் மாமா சொன்னீங்க" என்றாள். டீச்சரிடம் பேசும்போது பார்த்துப் பேச வேண்டும். சேஸிஸ் வளைந்திருக்கலாம் என்றேன். வளைந்திருக்கிறதா என்றாள். இருக்கலாம் என்றேன். வளையவில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டீக்கடையில் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். "அப்பா வண்டிய ஏன் மாமா அன்னைக்கு அடியில பாக்கல?"

"மறந்துட்டேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் இன்னொரு டீ சொல்லி, அதையும் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 21, புதன்

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

நாகல் நகர் வண்டியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது வாசல் காலியாக இருந்ததைப் பார்த்தேன். வேலை ஒன்றுமில்லை, சும்மாதான் போனேன். நல்ல வண்டி அது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். சிறுமலை பஸ் வந்தது. ஏறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாததில் இது ஒரு வசதி.

ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன். மேலே இறங்கி, பள்ளிக்கூடம் வரைக்கும் அந்த நாலு கிலோமீட்டரையும் நடந்து பார்த்தேன். ஓட்டுக் கட்டடம், முன்னால் பலா மரம், பூட்டிய கேட். ஆசிரியர் பெயர்ப் பலகையில் ஒரு இடம் காலியாக இருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இந்தப் பெண் எப்படியும் இங்கே வரத்தான் போகிறாள். நான் வண்டி பார்க்காவிட்டால் பார்க்கத் தெரியாத எவனோ பார்ப்பான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதமும் ஒரு பஸ் டிக்கெட்டும் தேவைப்பட்டிருக்கிறது.

இறங்கும்போது டிரைவருக்குப் பக்கத்து சீட். அவர் இரண்டாவது கியரிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கினார், பிரேக்கில் கால் அதிகம் போகவில்லை. வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழாவதில் புதுத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். அங்கேயும் கண்ணை மூடவில்லை.

வந்ததும் வினோவுக்கு நானே போன் செய்தேன். சிலுவத்தூர் ரோட்டில் ஒரு சாம்பல் நிறக் கார் பேசி வைத்திருக்கிறாளாம். "அம்மாவும் வருது மாமா. வெள்ளிக்கிழமை வரச் சொல்லிருக்காங்க, பத்தரைக்குள்ள அட்வான்ஸ் குடுக்கணுமாம்." வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். மறுபடியும் வெள்ளிக்கிழமை, மறுபடியும் பத்தரை.

ஆகஸ்ட் 29, வியாழன்

சட்டை இஸ்திரி போட்டு வாங்கினேன். எதற்கென்று தெரியவில்லை, எப்படியும் குழிக்குள் இறங்கத்தான் போகிறோம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

லீவு போட்டுவிட்டு ஒன்பது மணிக்கே போய்விட்டேன். வண்டிக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பெயர் கதிரேசன். நல்ல மனுஷன், நல்ல மனுஷர்களுக்கே உரிய அவசரம் அவரிடமும் இருந்தது. பானெட் குளிர்ந்திருந்தது. பத்து நிமிஷத்தில் வினோவும் செண்பகமும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

செண்பகம் இளைத்துவிட்டாள். முன்பக்க முடி முழுதும் நரைத்துவிட்டது. நான் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸ்டார்ட் ஒரே சாவியில். புகை இல்லை. ஆயில் மூடி சுத்தம். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கவில்லை. வினோவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு ரவுண்டு போனேன். ஸ்டீயரிங்கை விட்டால் ஒரு பக்கம் இழுக்கவில்லை. திரும்பி வந்தபோது மணி பத்தே கால்.

குழிக்கு விட வேண்டும் என்றேன்.

கதிரேசன் கடிகாரத்தைப் பார்த்தார். "தாராளமாப் பாருங்க சார். ஆனா பத்தரைக்கு ராகு காலம் வந்துருது. ஒரு ரூவாயாச்சும் கையில குடுத்துட்டு, அப்புறம் நிதானமாப் பாருங்க. புடிக்கலன்னா திருப்பித் தந்துர்றேன்."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஊரே அப்படித்தான் செய்கிறது. அன்றைக்கும் இதே மாதிரிதான் நின்றேன், திறக்க வேண்டிய வாயைத் திறக்காமல்.

பணப்பை செண்பகத்தின் கையில் இருந்தது. அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குழிக்கு விடுங்கண்ணே" என்றாள்.

பட்டறையில் எங்களுக்கு முன்னால் ஒரு வேன் நின்றது. அது நகர்வதற்குள் பத்தரை அடித்து, அதற்குமேல் ஐந்து நிமிஷமும் ஆகிவிட்டது. குழிக்குள் இறங்கினேன். கழிவுப் பஞ்சால் சேற்றைத் துடைத்து, பிரேக் பைப்பை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனேன். பைப் நன்றாக இருந்தது. பின் இடது சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்த்தேன். வற்றிய கண்மாய் மண்ணைப் போல வெடிப்பு வெடிப்பாக இருந்தது. லேசாக ஆயில் கசிவும் இருந்தது.

மேலே ஏறி வந்து சொன்னேன். கதிரேசன் முகம் வெளுத்துவிட்டது. இந்த வண்டியில்தான் அவர் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறாராம். மாற்றித் தருகிறேன் என்று அவரே போய் ஹோஸ் வாங்கி வந்தார். பிறகு ஆர்.சி. புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க வினோவைக் கூட்டிக்கொண்டு பைக்கில் போனார். பட்டறைக்காரர் ஹோஸை மாட்டிவிட்டு, பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும், எடுபிடிப் பையன் இன்று வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று வேனுக்குப் போய்விட்டார். நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும், ஒருவர் கீழே திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும்.

செண்பகம் கேட்காமலே செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அமுக்கு" என்றேன். இரண்டரை வருஷத்தில் என் தங்கையிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"பிடி." திருகைத் திறந்தேன். நுரை நுரையாக ஆயில் பாட்டிலில் விழுந்தது. மூடினேன். "விடு."

நாலைந்து தடவை இப்படியே போயிற்று. பிறகு மேலேயிருந்து குரல் வந்தது.

"வினோட்ட மறந்துட்டேன்னு சொன்னீங்களாம்."

திருகைத் துடைத்துவிட்டு ஸ்பேனரை மறுபடி மாட்டினேன்.

"நீங்க குழிக்கு விடணும்னுதான் சொன்னீங்க. நாந்தான் நேரம் போகுது நேரம் போகுதுன்னு கைக்கடியாரத்தக் காட்டிக்கிட்டே நின்னேன்."

"அமுக்கு" என்றேன். அமுக்கினாள்.

"ஒங்க மூஞ்சியப் பாத்தா நீங்க அதச் சொல்லிருவீங்களோன்னு பயம்ண்ணே. அதான் பாக்கல. நீங்க வராம இருந்தது எனக்கு வசதியாப் போச்சு."

"பிடிச்சுக்க. விட்றாத."

திருகைத் திறக்கக் கை வரவில்லை. குழிக்குள் நின்று அழுதேன். அவளுக்குத் தெரியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். யாரோ சொன்னார்கள் என்று இந்த டைரியில் எழுதியவன் நான். அவள் பெயரை எழுதினால் நான் தப்பித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். அவளானால் அந்தப் பெயரைத் தனியாகச் சுமந்துகொண்டு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நேரத்தச் சொல்றவங்க ஆயிரம் பேரு சொல்லுவாங்க. பாக்க வேண்டியவன் நான்" என்றேன்.

பெடலை அவள் விடவே இல்லை. நான் சொல்லாததால் பிடித்துக்கொண்டே இருந்தாள். கால் வலித்திருக்கும்.

"போதுமாண்ணே?"

"இன்னும் ரெண்டு தடவ. நுரை வருது."

"நேரம் கெடக்கு. பொறுமையாப் பாருங்க."

மேலே வந்தபோது மணி பதினொன்று இருபது, ராகு காலத்தின் நட்டநடு. வண்டியைப் பட்டறை வாசலில் நாலு முறை ஓட்டி பிரேக் அடித்துப் பார்த்தேன். வினோ என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தையைச் சொல்ல இத்தனை பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

"வாங்கு" என்றேன்.

செண்பகம் பையைத் திறந்தாள். கதிரேசன் கையை நீட்டவில்லை, பன்னிரண்டுக்கு மேல் வாங்கிக்கொள்கிறேனே என்று இழுத்தார். "நல்ல நேரத்துல குடுத்து ஒரு தடவ பாத்துட்டேங்க. வாங்கிக்கங்க" என்று அவர் கையைப் பிடித்து வைத்தாள்.

செப்டம்பர் 2, திங்கள்

முதல் ஷிப்ட், மூன்று மணிக்கு வீடு. வினோ இன்று முதல் நாள் மேலே போயிருக்கிறாள். இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக்கை மட்டும் நம்பாதே என்று நேற்று பத்து தடவை சொல்லிவிட்டேன். நாலே காலுக்குப் பள்ளிக்கூடம் விடும். நாலரையிலிருந்து மனதுக்குள் வளைவுகளை எண்ணினேன். பதினெட்டையும் எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். ஏழாவதில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டேன்.

ஐந்து முப்பத்தைந்துக்குப் போன். இத்தனை நாளும் அழிக்காமல் வைத்திருந்த நம்பர்.

"வந்துட்டாண்ணே. வாசல்ல நிறுத்திட்டு இருக்கா."

சரி என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

செப்டம்பர் 8, ஞாயிறு

மெஸ் மூடியிருந்திருக்கும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. டப்பாவில் அரைக் கிலோ ஜாங்கிரி போட்டு, செண்பகத்தின் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். மீன் குழம்பில் வெந்தயம் இன்றைக்கும் கொஞ்சம் தூக்கல்தான்.